புனலுக்குப் பொட்டு வைத்த குற்றம்

நான் ஆறு கிழமை மறியல் வீட்டில் அடைபட்டிருந்தவன். களவெடுத்ததற்கு அல்ல. ஆயுத பூசை செய்ததற்கு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சாராயக் கடையில் வேலை. முன்பக்கத்தில் முதலாளி விற்பார். பின்னறையில் நான் பிறண்டி செய்வேன். (செய்வேன் என்றுதான் சொல்ல வேண்டும்.) சீனியைக் கருக்கிச் சாராயத்தில் கலந்தால் நிறம் வந்துவிடும். அதைப் புனல் வைத்து வெறும் சீமைப் போத்தல்களில் ஊற்றி, தக்கை இறுக்கி, அரக்கு வைத்து, குதிரைப் படம் போட்ட சீட்டை ஒட்டுவேன். சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்பு. குதிரையின் கால் கீழே இருந்தால் சரி. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இங்கிலிசு.

அது பிழை என்று தெரியுமா? தெரியும். பிள்ளை பெற்றவளுக்கு மருந்தாய்க் கொடுக்கவென்று சனம் அதைத்தான் நம்பி வாங்கிப் போனது. ஒருவரும் செத்ததாகக் கேள்விப்படவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

உள்ளே ஒன்றும் சீட்டில் ஒன்றுமாய் விற்பவர்களைப் பிடிக்க அரசாங்கம் அப்போதுதான் ஆட்களை அனுப்பத் தொடங்கியிருந்தது. "உவங்கள் கொழும்பிலை பிடிப்பாங்கள். இஞ்சை ஆர் பாக்கப் போறான்?" என்பார் முதலாளி.

அந்த வருடம் எனக்கு நீர்வேலியில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணைக் கோவிலில் ஒருதரம் பார்த்தேன். போதும் என்றிருந்தது. தகப்பன் வேலுப்பிள்ளை, வாழைத் தோட்டக்காரர். தையில் கலியாணம் என்று பேச்சு. ஆனால் அவர் வாய்விட்டு 'ஓம்' சொல்லவில்லை. "தம்பிக்கு அங்கை என்ன உத்தியோகம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பிறண்டி முழுக்க என்ரை பொறுப்பு மாமா. ஆயுத பூசைக்குக் கடைக்கு வந்து பாருங்கோவன்" என்றேன். (கலியாணத்துக்கு முதலே மாமா. அவ்வளவு அவசரம்.)

பூசையன்று முதலாளி தன் வீட்டுப் பூசைக்குப் போய்விட்டார். போகும்போது, "கந்தையா, கடைப் பூசையைக் குறைவில்லாமல் செய்" என்றார்.

நான் குறை வைக்கவில்லை. வாசலுக்கு நேரே மேசை போட்டு வெள்ளை விரித்தேன். எதனால் எனக்குச் சோறு கிடைத்ததோ அதையெல்லாம் பின்னறையிலிருந்து தூக்கி வந்து வைத்தேன். பெரிய புனல், சின்னப் புனல், சீனி கருக்கும் தாச்சி, பசைச் சட்டி, அரக்கு, சீட்டுக் கட்டு. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். குதிரைக்கும் நெற்றியில் ஒரு பொட்டு. தொழிலைச் சாமிக்கு ஒளித்துவிட்டு என்ன பூசை?

மாமா ஒரு கதலிக் குலையோடு வந்தார். மேசையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கற்பூரம் கொளுத்தும் நேரம் வீதியால் ஒருவர் போனார். கால்சட்டை, தொப்பி. பூசை வேளையில் வாசலால் போகிறவரைக் கூப்பிடாமல் விடும் பழக்கம் எங்களிடம் இல்லை. அதிலும், மாமா பார்க்கக் கால்சட்டைக்காரரைக் கூப்பிட்டால் ஒரு மதிப்பு.

"ஐயா, வந்து திருநீறு வாங்கிப் போங்கோ!"

வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கும்பிட்டார். கடலையைக் கையில் வாங்கிக்கொண்டு மேசையையே வெகுநேரம் பார்த்தார். பக்திமான் என்று நினைத்தேன்.

"உந்தப் புனலெல்லாம் ஆரின்ரை?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் மாமா முந்திவிட்டார். "இவர்தான் ஐயா எங்கடை மாப்பிள்ளை. இந்தக் கடைப் பிறண்டி முழுக்க இவரின்ரை கையாலைதான்!"

"அப்பிடியே? எத்தினை வருசமாய்?"

"நாலு" என்றேன். குரலில் பெருமை இருந்தது. மறைக்க மாட்டேன்.

கடலையைத் தின்று முடித்து, கையைத் துடைத்த பிறகுதான் அவர் குறிப்புக் கொப்பியை எடுத்தார். மரியாதை தெரிந்த மனிதர். மதுவரி இன்ஸ்பெக்டராம். தேங்காய் இன்னும் என் கையில் இருந்தது.

"அதை உடைச்சிட்டே வா. நிக்கிறன்" என்றார்.

மாமா குலையைத் திருப்பித் தூக்கிக்கொண்டார்.

"மாமா..."

"ஆருக்கு ஆர் மாமா?"

முதலாளி என்னைக் காப்பாற்றுவார் என்றிருந்தேன். அவர் வழக்குப் பேசப் பிறக்கிராசி வைத்தார். தனக்கு. வழக்கன்று கோட்டில், நீதவானுக்கு முன்னால், புனல் பொட்டோடு மேசையில் இருந்தது.

"இதுக்குப் பொட்டு வைச்சது ஆர்?" என்றார் பிறக்கிராசி.

"நான்தான் ஐயா."

"அண்டைக்கு முதலாளி எங்கை?"

"வீட்டிலை. தன்ரை தராசுக்குப் பொட்டு வைச்சுக்கொண்டு நிண்டிருப்பார்."

"போகேக்கை உனக்கு என்ன சொன்னவர்?"

"பூசையைக் குறைவில்லாமல் செய் எண்டவர்."

கோடே சிரித்தது. பிறக்கிராசி நீதவான் பக்கம் திரும்பினார். எங்கள் சனம் தன் தொழிற்சாமானுக்குத்தான் பொட்டு வைக்கும், அடுத்தவனுடையதற்கு வைக்காது என்றார். நீதவான் தலையாட்டினார். முதலாளி சொல்லித்தான் செய்தேன் என்று நாலு வருசக் கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "கேட்டதுக்கு மட்டும் சொல்லு" என்றார்கள். பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

தையில் அந்தப் பெண்ணுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை கரவெட்டி ஆள். அன்றைக்கு நான் மறியலில் தேங்காய்த் தும்பு அடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் கடை திறந்திருந்தது. முன்பக்கத்தில் அதே முதலாளி. பின்னறையில் வேறொருவன்.

எனக்குப் பெண் கிடைக்க இன்னும் பத்து வருடம் சென்றது. நடந்ததை முதல் நாளே மனைவிக்குச் சொன்னேன். அவள் பிள்ளைகளுக்குச் சொன்னாள். இப்போது வீட்டில் ஒரு சட்டி உடைந்தாலும், "பொட்டு வைச்சது ஆர்?" என்றுதான் விசாரணை. எல்லோரும் சிரிப்பார்கள்.

போன மாதம் மூத்தவளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் மனைவி இதைச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் தகப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். "பொய் சொல்லத் தெரியாத மனிசன். இந்த வீட்டிலை நம்பிச் சம்பந்தம் வைக்கலாம்" என்றார்.

"இல்லை அண்ணை. அண்டைக்குப் பொய் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கேல்லை" என்றேன்.

அவர் அதற்கும் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.