தூக்கத்துக்கு வந்த ஆடிட்

மரியாதைக்குரிய பேராசிரியர் நம்பிராஜன் ஐயா அவர்களுக்கு, மண்ணூர் கன்னியம்மாள் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் பேனாவும் சௌக்கியம்தானே? பேனாவை ஏன் விசாரிக்கிறேன் என்றால், என் பேத்தி கலைமதியின் ஆராய்ச்சிப் பண விண்ணப்பத்தில், வழிகாட்டி என்ற இடத்தில் ஒரு கையெழுத்துப் போட அதற்குத் தெம்பில்லையாம். திங்கட்கிழமை கடைசி நாள்.

நான் அஞ்சாம் வகுப்பு. தப்பிருந்தால் திருத்திக்கொள்ளவும். திருத்துவது தங்களுக்குப் பிடிக்குமாமே. அவள் எழுதியதை மாற்றி மாற்றி, கடைசியில் முதலில் எழுதியதையே ‘இப்போதுதான் சரி’ என்றீர்களாம். பெரிய படிப்பு!

நைட் ஷிப்ட் பெண்கள் பகலில் சரியாகத் தூங்குவதில்லை, அதை ஆராயப் பணம் வேண்டும் என்று கேட்கிறாள். நாடு முழுக்கப் போட்டியாம், சும்மா கேட்டால் தரமாட்டார்களாம், முதலில் சிலரிடம் சோதித்துக் காட்டணுமாம். “வெளிய எதுக்குப் போறே? நம்ம மாடிலயே பொண்ணுங்க வாடகைக்கு கீதுங்களே” என்று நான்தான் சொன்னேன். எல்லாம் தெற்கத்திப் பெண்கள், சுங்குவார்சத்திரம் பக்கம் கம்பெனியில் ராத்திரி முழுக்க லைனில் நின்று வேலை செய்கிறவர்கள். தூக்கத்தை அளக்கிற கடிகாரத்தை ஆளுக்கொன்று கட்டிவிட்டாள்.

ஐயா, எங்கள் பக்கம் கம்பெனிக்கு ஆடிட் வந்தால் தரையில் புதுக்கோடு அடிப்பார்கள், உடைந்த நாற்காலி மாயமாகும், கேன்டீனில் முட்டை வரும். என் வீட்டுக்கு ஆடிட் வந்தால் நான் மட்டும் இளைத்தவளா? ஜன்னலுக்குக் கோணி தொங்கவிட்டேன், தகரக் கூரைமேல் வைக்கோல் பரப்பித் தண்ணீர் தெளித்தேன், கீழே ஓடுகிற என் மாவு மிஷினை நிறுத்தி வந்தவர்களை எல்லாம் சாயங்காலம் வா என்று திருப்பி அனுப்பினேன், ஜாதிக்காய் உரசிப் பால் கொடுத்தேன். அவர்களில் சந்தனமாரி மட்டும், “ஆச்சி, உறக்கம் வரமாட்டேங்கு” என்றாள். “இன்னாடி வரல? வூட்டு மானம் போவுது, மூடு கண்ண!” என்றேன். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்கள்.

அதுதான் குற்றமாம். ‘எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்களே, பிரச்சினையே இல்லாததற்குப் பணம் எதற்கு, அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்றீர்களாம். நாலு பேர் மயங்கி விழுந்திருந்தால் தங்கள் மனசு குளிர்ந்திருக்கும். அது தோன்றாமல் போச்சே எனக்கு. அடுத்த வருஷம் வரை யார் விடப்போகிறார்கள்? பணம் வரலைன்னா படிப்பை மூட்டை கட்டிட்டு ஒரகடத்துல வேலைக்குச் சேருன்னு அவ அப்பன் திருமலை இப்பவே பேசி வெச்சிருக்கான்.

கொஞ்சம் துடைத்துப் பெருக்கினேனே தவிர, என் வீட்டில் எப்போதும் இதே தூக்கம்தான், இது சத்தியம். தூங்காதவர்கள்தான் வேண்டுமென்றால் படப்பையில் போய்த் தேடுங்கள். கடிகாரங்களை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நல்ல தூக்கத்துக்கு ஒரு சர்டிபிகேட் மட்டும் எழுதி அனுப்பவும், வாசலில் மாட்டணும்.

தாங்கள் பேரும் புகழும் பெற்று, மாவு மிஷின் இல்லாத தெருவில் நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,
கன்னியம்மாள்.

பின்குறிப்பு: கடிகாரம் வராது. மாடிப் பெண்கள் கழற்ற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். “இது கையில கெடந்தாத்தான ஆச்சி, நீங்க மிசின நிப்பாட்டுவிய? கழத்துன அன்னைக்கே மறுபடி கடகடன்னு ஓட்டிருவியள்லா. வந்த நாள்லேர்ந்து நாங்க உறங்குனது இந்த ஒரு வாரந்தான்” என்கிறாள் சந்தனமாரி. கலைமதி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “ஆயா, இதான் ஆயா எனக்கு வேணும்” என்று கூரை, ஜன்னல், மிஷின் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதினாள். அடியில் இன்னொரு வரி: ‘கடிகாரம் கட்டிய வாரம் தவிர இந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியதில்லை, இப்படிக்கு வீட்டுக்காரி.’ மேலே செய்த சத்தியத்தை அடித்துவிடவும். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அஞ்சாம் வகுப்புக் கை, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?