பல் டாக்டர் லைட்டும் ஏழாம் நம்பர் மலைக் குளவியும்

பூச்சியைப் படம் பிடிக்க எந்த லைட் நல்லது என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதே விஷயத்தில் நான் செய்த கோளாறைப் போல எங்கள் தோட்டத்தில் வேறு யாரும் செய்ததில்லை என்பதும் சரிதான். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். (ஒன்ன மட்டும் சொன்னா மத்தத எங்க வீட்டு ஆளுங்க சொல்லிருவாங்க.)

எண்பதுகளின் தொடக்கம். கொத்மலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். எனக்கு முப்பது வயது இருக்கும். கொழுந்து எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். (மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.)

அந்த வருஷம் ஏழாம் நம்பர் மலையில் சுருட்டுப் புழு விழுந்திருந்தது. இரண்டு மூன்று இலைகளை நூலால் ஒட்டிக்கொண்டு, உள்ளே சொகுசாக உட்கார்ந்து தின்னும் புழு அது. சுருட்டிய இலையைக் கண்டால் உடனே கிள்ளி எடுத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அதைக் கங்காணி காலையில் மலை ஏறியதிலிருந்து இறங்கும்வரை கத்திக்கொண்டே இருப்பார். தோட்டத்தை நடத்தும் துரையோ அது போதாது, மலை முழுக்க மருந்தடிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் ஆறாம் நம்பரில் மருந்தடித்திருந்தார்கள். அந்தச் செடியில் கொழுந்து எடுத்து எங்கள் விரல் நுனியெல்லாம் தோலுரிந்து போனது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்றோம். கரண்டியால் தின்றால் துரைசாணி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. காய்ச்சல்காரி மாதிரிதான் இருந்தது. அந்தப் புண் ஆறுவதற்குள் மறுபடியும் மருந்து என்றதும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண்ணுக்கும் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் பிலோமினா மிஸ் வந்தார். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து, கம்பஸ் வரைக்கும் போய்ப் படித்து, பூச்சி ஆராய்ச்சி வேலையில் இருந்தவர். லயத்தில் பிறந்த ஒரு பெண் காற்சட்டை போட்டுக்கொண்டு, துரைக்கு நேராக நின்று இங்கிலீசில் வாதாடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு எங்களுக்குத் தமிழில் விளக்கியபடி, மிஸ் சொன்னது இதுதான். அந்தப் புழுவுக்கு எதிரி ஒரு மெல்லிய குளவி. அது புழுவின் உடம்புக்குள் முட்டை வைத்துவிடும். அதோடு புழுவின் கதை முடிந்தது. மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். பிறகு வருஷா வருஷம் மருந்துதான். துரை சிரித்தார். கண்ணில் படாத குளவியை நம்பி மலையை விட முடியாது என்றார். கடைசியில் மூன்று வாரம் தவணை கொடுத்தார். கிளப்பில் சுற்றுத் தோட்டத்துத் துரைமார் கூட்டம் நடக்கும். அதில் குளவியின் படத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த நாளே மருந்து.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் மிஸ் வந்து, குளவியைத் தேடிப் படம் எடுக்கத் தனக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். குளவி என்றதும் பெரட்டுக்கு வந்திருந்த பெண்கள் எல்லோரும் நாலடி பின்னால் போய்விட்டார்கள். குளவி கொட்டி ஆஸ்பத்திரி பார்த்தவர்கள் நாங்கள். நான் மட்டும் முன்னால் நின்றேன். தைரியமெல்லாம் இல்லை. மிஸ்ஸின் காற்சட்டையையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் மற்றவர்கள் நகர்ந்தது தெரியவில்லை.

“பயப்படாதீங்க அக்கா, இது கொசு மாதிரி இருக்கும். கொட்டாது” என்றார் மிஸ். அப்படித்தான் நான் உத்தியோகத்தில் சேர்ந்தேன்.

மிஸ்ஸிடம் நல்ல கலர் பிலிம் ஒரே ஒரு சுருள்தான் இருந்தது. அதைத் தொடுவதற்கு முன் எந்த லைட் என்று தீர்மானிக்க வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது கேமராவின் கண்ணை ஊசித் துளை அளவுக்குச் சுருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் குளவியின் தலை தெரிந்தால் வால் தெரியாதாம். கண்ணைச் சுருக்கினால் வெளிச்சம் போதாது. எங்கள் மலையில் பாதி நாள் மூட்டம் வேறு. அதனால் மூன்று லைட்டுகளை இரவல் வாங்கி வந்திருந்தார். கறுப்பு வெள்ளைப் பிலிமில் மூன்றையும் சோதித்தோம்.

முதலாவது, ஹட்டனில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவருடைய பழைய லைட். வெள்ளித் தட்டு மாதிரி ஒரு கிண்ணம், நடுவில் ஒரு பல்ப். ஒரு படத்துக்கு ஒரு பல்ப் எரிந்து போகும். மிஸ் அமுக்கியதும் டப்பென்று ஒரு மின்னல். இரண்டு வரிசை தள்ளிக் கொழுந்து எடுத்தவள் “முருகா” என்று உட்கார்ந்துவிட்டாள். புழு நூலைப் பிடித்துக்கொண்டு கீழே குதித்துவிட்டது. படத்தைக் கழுவிப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை.

இரண்டாவது, ஒரு பல் டாக்டருடையது. வளையல் மாதிரி கேமராவின் மூக்கைச் சுற்றி மாட்டுவது. வாய்க்குள் இருக்கும் பல்லைப் படம் எடுக்க அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. (அந்தக் கொஞ்ச நாள் ஊரில் யார் பல்லும் படத்தில் விழவில்லை.) இதில் படம் துலக்கமாக வந்தது. மிஸ்ஸுக்குச் சந்தோஷம். எனக்கு ஏதோ இடித்தது. இலையில் நின்ற எறும்பு, கடதாசியில் ஒட்டி வைத்த எறும்பு மாதிரி இருந்தது. ஈரத்தில் ஒவ்வொரு துளியிலும் ஒரு குட்டி வளையல் வேறு மின்னியது.

“பல்லுக்கு இது சரி மிஸ், பல்லுக்கு நெழல் வேணாம். இதுக்குக் கொஞ்சம் நெழல் இருந்தாத்தான் உசுரோட இருக்க மாதிரி தெரியும்” என்றேன். மிஸ் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

மூன்றாவது, துபாயிலிருந்த தம்பி மிஸ்ஸுக்கு அனுப்பிய சின்ன லைட். பேட்டரி போட்டால் கொசு பாடுவது போல் ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் பாடி, பின்னால் செம்மஞ்சளாக ஒரு பொட்டு எரிந்தால் லைட் தயார். அதைக் கேமராவின் தலையில் வைத்தால் வெளிச்சம் பூச்சிக்கு மேலால் தாண்டிப் போய்விட்டது. வயரைக் கொடுத்துக் கழற்றிப் பக்கத்தில் பிடித்தால் நிழல் விழுந்தது. ஆனால் கத்தியால் வெட்டிய மாதிரி விழுந்தது. இலையின் பளபளப்பில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது நான் சொன்னதுதான் என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன நல்ல பேச்சு. வெயில் அடித்தால் இலை மினுங்கும், புழு இருப்பது தெரியாது. மூட்டம் போட்ட நாளில் மினுக்கம் அடங்கி நரம்பு நரம்பாகத் தெரியும். கொழுந்து எடுக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

“லைட்டுக்கும் கொஞ்சம் மூட்டம் போடுங்க மிஸ்” என்றேன்.

மிஸ் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, இரண்டாக மடித்து, லைட்டின் முகத்தில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார். அடுத்த நாள் கழுவி வந்த படத்தில் எறும்பின் காலில் இருந்த முடிகூடத் தெரிந்தது. மிஸ் என் கையைப் பிடித்து, “அக்கா, இதுதான். இனி வேற தேட வேணாம்” என்றார். பல் டாக்டரின் வளையல் பல்லுக்கே திரும்பிப் போனது. எனக்கு அன்று தலை கனத்தது. கூடையின் கயிறு தலைக்குப் பத்தாமல் போய்விடுமோ என்று பயமாகக்கூட இருந்தது.

பிறகு குளவிக்காகக் காத்திருந்தோம். விடிந்ததும் ஏழாம் நம்பர். மிஸ் தேயிலைக்கு இடையில் ஈர மண்ணில் குப்புறப் படுத்துக்கொள்வார். நான் குந்திக்கொண்டு இடது கையில் லைட்டை ஒரு சாண் தூரத்தில் பிடிப்பேன். கழுத்தில் அட்டை ஏறி, குடித்து, உருண்டு விழுந்தாலும் மிஸ் அசையமாட்டார். படித்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வார்கள் என்று நினைத்தவளுக்கு அது பெரிய பாடம். பத்து நாளில் கலர் பிலிம் எல்லாம் புழுவும் சுருட்டிய இலையுமாகத் தீர்ந்து, மிச்சம் இருந்தது இரண்டே படம்.

கூட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு காலையில், குளவி வந்தது. மெலிந்த, சிவந்த, நீண்ட மீசைக்காரி. சுருட்டிய இலையின் மேல் இறங்கி மீசையால் தட்டித் தட்டிப் பார்த்தாள். மிஸ் அமுக்கினார். லைட் அடித்தது. குளவி பறக்கவில்லை. கைக்குட்டை போட்டதால் அவளுக்கு அது மின்னலாகவே தெரியவில்லை போலும்.

லைட் மறுபடி பாடத் தொடங்கியது. குளவி இடுப்பை வளைத்தாள். “முட்டை வைக்கப் போகுது. ஆடாதீங்க அக்கா” என்று மிஸ் காற்றாகச் சொன்னார். நான் மூச்சை நிறுத்தினேன். செம்மஞ்சள் பொட்டு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து மேல் வரிசையிலிருந்து கங்காணி மற்றப் பெண்களைப் பார்த்து, “ஏ, சுருட்டு எலய விடாதீங்கடி, கிள்ளுங்க” என்று குரல் கொடுத்தார்.

என் இடது கை ஆடவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. ஆனால் சும்மா இருந்த வலது கை போனது. இருபது வருஷம் கங்காணி குரலுக்கு வேலை செய்த கை. போய், சுருட்டு இலையைச் சுத்தமாகக் கிள்ளி, புழுவோடும் குளவியோடும் தோளுக்கு மேலால் முதுகுப் பக்கம் வீசியது. அன்று முதுகில் கூடைகூட இல்லை. கிள்ளுகிற அந்த நொடியில் மிஸ் அமுக்கிவிட்டார். லைட் அடித்தது. பிலிம் முடிந்தது.

மிஸ் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை. வெறும் காம்பைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், பிறகு கழுத்திலிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தார். எனக்கு ஒரு அறை விழுந்திருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. லயத்துப் பெண்களிடம் என்ன சொல்வேன்? அன்று மாலை கோயிலடிக்குக்கூட என்னால் போக முடியவில்லை.

பிலிம் கொழும்புக்குப் போய்க் கழுவி வந்தது. கூட்டத்தன்று பெட்டி தூக்க என்னையும் மிஸ் கூட்டிப்போனார். பகலிலேயே திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, கிளப்புச் சுவரில் படம் காட்டினார்கள். நான் பின் கதவடியில் நின்றேன். குளவி இலையில் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. மயில் அளவுக்கு இருந்தாள். ஆனால் ஒரு துரை, உட்கார்ந்திருக்கிறது சரி, முட்டை எங்கே என்று கேட்டாராம், மிஸ் பிறகு சொன்னது. மிஸ் அடுத்த படத்தைத் தள்ளினார்.

சுவர் முழுக்க என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். ஆள் உயரம். துரைமார் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எங்கள் துரை சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இது யாரு வெரல்?” என்றார்.

மிஸ் என்னைக் கூப்பிட்டார். சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, என் கையைப் பிடித்து, படத்துக்கு நேராக வைத்தார். இங்கிலீசில் மெதுவாகப் பேசினார். எனக்கு விளங்கியது ‘ஸ்ப்ரே’ என்ற ஒரு சொல்தான். அப்போதுதான் நானும் சுவரைச் சரியாகப் பார்த்தேன். பக்கத்திலிருந்து விழுந்த மூட்ட வெளிச்சத்தில் ஒவ்வொரு வெடிப்பும், உரிந்த தோலும், உள்ளே சிவந்த சதையும் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து கிட்ட வந்தார்கள். வயதான ஒரு துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

எங்கள் துரை கடைசி முடிவையும் தமிழிலேயே சொன்னார், எனக்கும் விளங்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். “ஏழாம் நம்பருக்கு மருந்து வேணாம். கொளவிக்கு ஒரு வருஷம் குடுப்போம்.”

திரும்பும் வழியில், அந்தப் படத்தைத் தவறிப்போய் வைத்துவிட்டீர்களே மிஸ் என்று குறைபட்டுக்கொண்டேன்.

“தவறி வைக்கல அக்கா. நல்ல லைட்ல எடுத்த படத்த யாராச்சும் வீசுவாங்களா?” என்றார். அந்தப் பெண்ணின் மூளைக்கு நான் அன்றைக்கே அடிமை.

குளவி அந்த வருஷத்தை வீணாக்கவில்லை. ஆனால் நான் கிள்ளிய கதை என்னைவிட வேகமாக லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது கேமராவைத் தூக்கினால் போதும். “மொதல்ல இவ கையக் கட்டுங்க, இல்லாட்டி மாப்பிள்ளையக் கிள்ளி வீசிருவா” என்பார் எங்கள் வீட்டுக்காரர். அவர் போன பிறகு பிள்ளைகள் சொல்கிறார்கள், இப்போது பேரப்பிள்ளைகள். காதுகுத்து, பூப்பு, கல்யாணம், எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் இரண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டுதான் நிற்கிறேன். போன வருஷம் பேத்தியின் கல்யாணத்தில் படக்காரப் பையன், கையைக் கீழே விடுங்க பாட்டி என்று கெஞ்சினான்.

நான் விடவில்லை. துரைமார் எழுந்து வந்து பார்த்த கை அது. கண்ட கண்ட படத்திலெல்லாம் சும்மா விழுமா?