கொம்பையாவுக்கு நோட்டீஸ் வந்துச்சா?

உக்காருங்கப்பா. ஏய், அந்தச் சேரை இழுக்காத, கல்யாணத்துக்கு வாடகைக்குப் போற சேரு, கால் கழண்டுரும். பேச்சை நிப்பாட்டுங்க. காலையில இருந்து பைபாஸ்ல புதுசா கேமரா வெச்சுட்டான், வேகமாப் போனா புடிக்குதுன்னு ஒரே புலம்பல். லாரி வர்ற வரைக்கும் ஒரு கதை சொல்றேன், கேளுங்க. என் வண்டிச் சாவி ஆணியிலதான் தொங்குது, அவசரம்னா எவன் வேணா எடுத்துட்டுப் போங்க, என்னைக்காவது ஏன்டான்னு கேட்டிருக்கேனா? பொன்னுலிங்கம், நீ ஏன்டா என் போனையே முறைச்சுப் பாத்துட்டிருக்க? சார்ஜ் ஏறுது, அது எங்கயும் ஓடிராது. சரி, எல்லாரும் வாயை மூடுங்க. பொன்னுலிங்கத்துக்குச் சொல்லல, அவன் என்னைக்குத் தொறந்தான்?

ஒரு காட்டுல கொம்பையா, கொம்பையான்னு ஒரு புள்ளிமான் இருந்தான். அந்தக் காட்டுல தண்ணித்துறை வளைவுல ஒரு போர்டு. 'யானைக்குட்டிகள் கடக்கும் இடம். வேகம் இருபது.' போர்டுக்கு மேல கிளையில ஒரு பச்சோந்தி. அதுக்கு ஒரு கண்ணு கிழக்க சுத்தும், இன்னொண்ணு மேக்க சுத்தும். அதான் கேமரா. இருபதைத் தாண்டி ஓடி அது கண்ணுல பட்டீங்கன்னா, ஓடுறதுக்குக் குடுத்த அட்டையை, அதான் லைசென்ஸை, பிடுங்கிருவாங்க. மூணு மாசத்துக்கு எங்க போனாலும் நடந்துதான் போகணும். ரெண்டாந்தடவை மாட்டுனா ஆயுசுக்கும் நடைதான். யானைக்கு இதுல என்ன கஷ்டம்? சட்டத்தைப் போட்டதே யானைதான்.

ஒரு நாள் சாயங்காலம் கொம்பையா தண்ணி குடிச்சுட்டு நிமிர்றான், பின்னாடி சீனிச்சாமி. சீனிச்சாமி சிறுத்தை. பேருலதான் சீனி. கொம்பையா எடுத்தான் ஓட்டம், அறுபது. சீனிச்சாமியும் அறுபது. வளைவுல திரும்பும்போது கொம்பையா மேல பாத்தான். பச்சோந்தியோட ஒரு கண்ணு இவன் பக்கமா இருந்துச்சு. நெஞ்சு பக்குன்னுச்சு. பின்னாடி ஒரு முழத்துல வாயைப் பொளந்துட்டு சிறுத்தை வருது, அதுக்குப் பக்குங்கல. இதுக்குப் பக்குன்னுச்சு.

சீனிச்சாமியும் மேல பாத்தாரு. ரெண்டு பேரும் புழுதி பறக்க நின்னாங்க.

"பாத்துருச்சோ?"

"தெரியலண்ணே."

அப்புறம் ஆளுக்கொரு பக்கமா, இருபதுல போயிட்டாங்க.

அன்னையில இருந்து கொம்பையாவுக்குப் புல்லு எறங்கல. அந்தக் காட்டுல நோட்டீஸ் கொண்டு வர்றது மரங்கொத்தி. நம்ம மரத்துல வந்து டொக், டொக், டொக்குன்னு மூணு தட்டு தட்டும். கொடுமை என்னன்னா, புழு பிடிக்கவும் அது அப்படித்தான் தட்டும். ஒவ்வொரு டொக்குக்கும் இவன் வாயில புல்லைக் கவ்விக்கிட்டே துள்ளி எந்திரிப்பான். கிட்டப் போய்ப் பாத்தா மரங்கொத்தி மூக்குல ஒரு புழு நெளியும்.

"எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா?"

"இது எனக்குப்பா," ன்னு முழுங்கிட்டுப் பறந்துரும்.

அவன் பொண்டாட்டி பூவாத்தா சொல்லிப் பாத்தா. "ஏங்க, மொதல்ல மேயுங்க. வெலா எலும்பு தெரியுது."

"அட்டை போச்சுன்னா அந்த எலும்பைச் சீனிச்சாமிதான்டி எண்ணுவாரு."

பதினஞ்சு நாள்ல வரலைன்னா வரவே வராதுன்னு காட்டுக்கோழி அடிச்சுச் சொல்லுச்சு. என் மச்சானுக்கு நாப்பதாம் நாள் வந்துச்சேன்னு காட்டுப்பன்னி சொல்லுச்சு. பதினஞ்சாம் நாள் கொம்பையா கோழியை நம்புனான். பதினாறாம் நாள் பன்னியை நம்புனான்.

இருபத்தேழாம் நாள் தண்ணித்துறையில சீனிச்சாமியும் வந்து நின்னாரு. பாதியா எளைச்சுப் போயிருந்தாரு. ரெண்டாந்தடவை மாட்டக்கூடாதுன்னு அவரும் அன்னையில இருந்து ஓடல. ஓடாத சிறுத்தைக்கு எவன் சோறு போடுவான்?

"தம்பி, உனக்கு வந்துருச்சா?"

"இல்லண்ணே. உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல." நாக்கால மீசையைத் தொடச்சுக்கிட்டாரு. "மறைக்காமச் சொல்றேன் தம்பி. உனக்கு வந்தா எனக்குச் சாப்பாடு. எனக்கு வந்தா உனக்கு ஆயுசு. தெனம் உனக்காகத்தான் வேண்டிக்கிறேன்."

"நானும் உங்களுக்காகத்தாண்ணே."

முப்பதாம் நாள் கொம்பையா கெளம்பிட்டான். "ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன். வந்தா வருது, வராட்டிப் போகுது. தூக்கமாவது வரும்."

"வராததைத் தேடிப் போறீங்களே," ன்னா பூவாத்தா. பொண்டாட்டி பேச்சை எவன் கேட்டான்? சிரிக்காத, நீயும்தான் கேக்கல.

ஆபீசுல ஆந்தைதான் கிளார்க்கு. அதுக்குப் பகல்ல கண்ணு தெரியாது. ஆபீஸ் நேரம் பத்துல இருந்து அஞ்சு. வரிசையில நிக்கும்போது யாரும் யாரையும் சாப்பிடக்கூடாதுன்னு செவுத்துல எழுதியிருந்துச்சு. அதனாலதான் கொம்பையாவுக்கு நேர் பின்னாடி சீனிச்சாமி கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. அவரும் அதே சந்தேகத்தோடதான் வந்திருந்தாரு.

"என்ன வேணும்?" ஆந்தைக்குத் தொண்டைக்குள்ள இருந்துதான் பேச்சு வரும்.

"ஐயா, எனக்கு நோட்டீஸ் வருமா வராதான்னு..."

"அப்படியெல்லாம் வாயால கேக்கக்கூடாது. பாரம் எழுதிக் குடு. எந்த நாள், எந்த இடம், எத்தனை வேகம், எதுக்கு ஓடுன."

கொம்பையா நேர்மையான ஆளு. தேதி போட்டான். தண்ணித்துறை வளைவுன்னு போட்டான். வேகம் அறுபதுன்னு போட்டான். காரணம்ங்கிற எடத்துல 'உசுரு'ன்னு எழுதிக் கொம்பை மையில தொட்டுக் கீறி கையெழுத்தும் போட்டான்.

ஆந்தை ஏட்டை மூக்குக்கிட்ட வெச்சுத் தடவித் தடவிப் பாத்துச்சு. "அன்னைக்குப் பதிவு எதுவும் இல்லையேப்பா. பச்சோந்தி லீவு. கிளையில ஒட்டியிருந்தது அது உரிச்சுப் போட்ட தோலு."

"தோலா? கண்ணு என்னைப் பாத்துச்சே ஐயா!"

"கண்ணு இருந்த எடத்துல ஓட்டை. ஓட்டைதான் பாத்திருக்கும்."

கொம்பையா நாலு காலும் தரையில படாமக் குதிச்சான். "அப்ப என்மேல ஒண்ணும் இல்ல!"

"இவ்வளவு நேரம் இல்லாமதான் இருந்துச்சு," ன்னுச்சு ஆந்தை. "இப்ப இருக்கு. இந்தா, நீயே எழுதிக் குடுத்திருக்கியே."

குதிச்சவன் எறங்கல, விழுந்தான்.

ஆந்தை பாரத்தைத் திருப்பிப் பாத்துச்சு. "ஆனா சாட்சி இல்லப்பா. சாட்சி கையெழுத்து இல்லாட்டி இது செல்லாது. கிழிச்சுப் போட்டுட்டுப் போ."

கொம்பையாவுக்குப் போன உசுரு கழுத்து வரைக்கும் திரும்பி வந்துச்சு. பாரத்தை வாங்கக் காலை நீட்டுனான். அப்பப் பின்னாடி இருந்து ஒரு கை மேல போச்சு.

"ஐயா, நான் சாட்சி."

சீனிச்சாமிக்கு முப்பது நாள் பசி. எச்சியை முழுங்கிக்கிட்டே முன்னாடி வந்தாரு. "தம்பி அறுபதுலதான் போனாப்ல. என் கண்ணால பாத்தேன்."

"மொதல்ல இருந்தா, கொஞ்சம்தானா?"

"மொதல்ல இருந்து கடைசி வரைக்கும், ஐயா."

"எத்தனை தூரத்துல இருந்து?"

"ஒரே முழம்!" மார்ல தட்டிக்கிட்டாரு. "ஒரு முழத்துக்கு மேல விட்டிருந்தா நான் என்ன சிறுத்தை?"

ஆந்தை எழுதுறதை நிப்பாட்டுச்சு. பகல்ல அதுக்குக் கண்ணுதான் தெரியாது, கணக்கு தெரியும். "அவன் அறுபது. நீ மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு முழம் பின்னாடி. அப்ப நீ எத்தனை?"

சீனிச்சாமி மார்ல தட்டுன கையை மெல்லக் கீழ எறக்குனாரு.

"கையெழுத்துப் போடுப்பா," ன்னுச்சு ஆந்தை. "ரெண்டு பேரும் அட்டையை வெச்சுட்டுப் போங்க."

ஆபீஸ் வாசல் வரைக்கும்தான் வரிசை. வாசப்படியைத் தாண்டுனதும் கொம்பையா நடக்க ஆரம்பிச்சான். சீனிச்சாமி ஒரு முழம் பின்னாடி நடக்க ஆரம்பிச்சாரு. இவன் காலை எட்டி வெச்சா அவரும் எட்டி வெப்பாரு. ஓடவும் முடியாது, பாயவும் முடியாது, எவன் மொதல்ல ஓடுனாலும் ஆயுசுக்கும் அட்டை கிடையாது. மூணு மாசம் இன்னும் முடியல, இன்னைக்கும் அந்தக் காட்டுப் பக்கம் போனா பாக்கலாம், ரெண்டும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா கோயிலைச் சுத்துற மாதிரி சுத்திட்டிருக்கும்.

"தம்பி, ஒரு நிமிசம் நில்லேன். கால் வலிக்குது."

"நீங்க மொதல்ல நில்லுங்கண்ணே."

அப்ப மேல மரத்துல டொக், டொக், டொக். ரெண்டு பேரும் ஒண்ணா நிமிர்ந்து பாப்பாங்க. மரங்கொத்தி மூக்குல புழு.

நீதி: வராத அபராதத்துக்கு உங்க வீட்டு வழி தெரியாது. நீங்களா போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வராதீங்க. சாட்சிக்கு ஆள் வேணும்னா, உங்களைத் திங்க வந்தவனை விட நேர்ல பாத்தவன் எவனும் இல்ல.

அண்ணன் கதையை முடிச்சாரு, எல்லாரும் சிரிச்சு ஓஞ்சாங்க. இவ்வளவு நேரம் வாயே தொறக்காத பொன்னுலிங்கம், சார்ஜ்ல கெடந்த போன்ல இருந்து கண்ணை எடுக்காமச் சொன்னான்:

"நல்ல நீதிண்ணே. ஞாயித்துக்கெழமை பைபாஸ்ல தொண்ணூறுல போனது நான்தான். ஆணியில தொங்குன உங்க சாவியைத்தான் எடுத்தேன், வண்டி உங்க பேர்ல இருக்கு, அபராத மெசேஜ் வந்தா உங்க போனுக்குத்தான் வரும். அதான் நான் யார்கிட்டயும் போய்க் கேக்கல."