பதின்மூன்றாம் பகுதி எங்கே, பெரியப்பா?

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

நீங்கள் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டு, கொன்றது யார் என்று சொல்லாமல் நாற்பது வருடமாக நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் தம்பி மகள் எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலியும் குறைவில்லாமல் நலமாக இருக்கிறது. அங்கே நீங்களும் பெரியம்மாவும் நலம் என்று நம்புகிறேன். முறைக்கு விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவமனைப் போர்வையும் விடுதித் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். இஸ்திரி அறையில் பதினாறு பேர். நாள் முழுக்க நின்றுகொண்டுதான் வேலை. போன வருடம் வெக்கை தாங்காமல் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் இரண்டு மின்விசிறி கேட்டோம். அவர் ஒரு மாதம் யோசித்து ஒரு வானொலிப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். கேட்டுக்கொண்டே வேலை செய்தால் வியர்ப்பது தெரியாதாம். வியர்த்தது, தெரிந்தது, ஆனாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் தினமும் மூன்று மணிக்குப் பழைய நாடகங்களை மறுபடி ஒலிபரப்ப ஆரம்பித்திருந்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, பெரியப்பா, நாங்கள் மயங்கித்தான் போனோம். அந்தக் காலத்து நாடகத்தில் யாரும் எதையும் சொல்லாமல் செய்வதில்லை. "இதோ, நான் ஜன்னலைத் திறக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் திறக்கிறார்கள். "ஆ! உங்கள் கையில் இருப்பது துப்பாக்கி அல்லவா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுடப்பட்டுச் சாகிறார்கள். பத்தே நாளில் இந்த வியாதி எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. "இதோ, நான் போர்வையின் நுனியைப் பிடிக்கிறேன்" என்பாள் ஒருத்தி. எங்கள் மேற்பார்வையாளர், அதாவது கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டிருப்பதால் நாங்கள் விசில் என்று அழைக்கும் மனிதர், கதவருகே தலைகாட்டினால், "ஆ! வருவது யார்? விசிலார் போலல்லவா தெரிகிறது!" என்று எச்சரிக்கை வரும். அவரும் முதல் வாரம் முறைத்தார், இரண்டாம் வாரம் மூன்று மணிக்குச் சரியாக எங்கள் அறையைச் சோதனையிட வந்தார், மூன்றாம் வாரம் நாற்காலியோடு வந்தார். எங்களுக்கு நாற்காலி கிடையாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

அப்புறம்தான் உங்கள் பதின்மூன்று பகுதித் துப்பறியும் தொடர் வந்தது. பங்களா முதலாளி மத்தியான வேளையில் தன் அறையில் கத்திக்குத்துப்பட்டுக் கிடக்கிறார். சந்தேகம் நாலு பேர் மேல்: மருத்துவர், மைத்துனர், கார் ஓட்டுநர், சலவைக்காரி. சலவைக்காரி மேல் சந்தேகம் என்றதும் இஸ்திரி அறையில் எப்படிப்பட்ட அமைதி விழுந்திருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். அதுவும் எதற்காகச் சந்தேகம்? கொலை நடந்து ஒரு மணி நேரம் கழித்துத் துப்பறிபவர் வருகிறாராம், நாற்காலியில் கிடக்கும் சட்டையைத் தொடுகிறாராம், "இஸ்திரிச் சூடு இன்னும் ஆறவில்லை, ஆகவே அவள் இங்கே வந்திருக்கிறாள்" என்கிறாராம். பெரியப்பா, உங்கள் வாழ்நாளில் ஒரு கைக்குட்டையாவது தேய்த்திருக்கிறீர்களா? எங்கள் நீராவி அக்கா, அந்தப் பெரிய நீராவி இயந்திரத்தில் இருபத்தோரு வருடமாக நிற்கிறவர், அன்றைக்கே ஒரு சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டார். பதினாறு பேரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று நிமிடம். ஜில்லென்று ஆகிவிட்டது. "இந்த ஆளு துப்பறியலடி, ஜுரத்துல பேசுறான்" என்றார் அக்கா.

பன்னிரண்டு பகுதியிலும் அந்தச் சலவைக்காரி பேசுவது மொத்தம் ஒன்பது தடவை. அக்கா எண்ணி வைத்திருக்கிறார். ஆறு தடவை "சரிங்கய்யா", இரண்டு தடவை "இல்லீங்கய்யா", ஒரு தடவை அழுகை. மைத்துனர் மட்டும் தன் இளமைக் காலத்தைப் பற்றி ஒரு பகுதி முழுக்கப் பேசுகிறார். நாலாவது பகுதியில், கொலைக்கு முன்னால் நடந்த கதையாக, சட்டையில் பழுப்பாக ஒரு தீய்ந்த கறை விழுந்ததற்கு அவளைப் பங்களா முதலாளி பகல் முழுக்க வெயிலில் வாசலில் நிற்கவைக்கிறார். நீங்கள் அதற்குப் புல்லாங்குழல் போட்டிருக்கிறீர்கள். புல்லாங்குழல்!

ஒரே நாடகத்தை இரண்டு வாரம் உன்னிப்பாகக் கேட்டால் வேறு சில சங்கதிகளும் காதில் விழும். பங்களா, குடிசை, காவல்நிலையம் எல்லாவற்றுக்கும் ஒரே கதவு, அதற்கு ஒரே கிரீச். எங்கே மழை பெய்தாலும் ஆறாவது நொடியில் சைக்கிள் மணி இரண்டு தடவை அடிக்கிறது. போர்வை மடிப்பதில் மிஞ்ச ஆளில்லாத எங்கள் மடிப்பு அண்ணன்தான் இதைக் கண்டுபிடித்தார். "கொலை நடந்த அன்னிக்கு மழை, மணி அடிச்சுது. டாக்டர் வீட்டுல மழை, அங்கேயும் மணி. சிறையில மழை, அங்கேயும் வந்துட்டான் பாரு. கொன்னது அந்த சைக்கிள்காரன்தான்."

"அவன்தான் வாயே திறக்கலையே அண்ணே" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒண்ணும் தெரியாதவன் இப்படி வாயை மூடிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துவானா?"

ஒரே மழையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் பெய்ய விட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீராவி அக்காவோ மருத்துவர் கட்சி. ஒன்பதாம் பகுதியில் கார் ஓட்டுநர் உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போது பின்னால் ஒருவர் இருமுகிறார். "டாக்டர் கண்ணைக் காட்ட முடியாதில்ல ரேடியோவுல? அதான் இருமிக் காட்டுறான்" என்பது அக்காவின் வாதம்.

பன்னிரண்டாம் பகுதியின் கடைசியில் துப்பறிபவர் நாலு பேரையும் கூடத்தில் நிறுத்தி, "கொலையாளி உங்களில் ஒருவர்தான்! அவர்..." என்கிறார். இசை. மறுநாள் மூன்று மணிக்கு இஸ்திரி அறையே பெட்டியைச் சுற்றி நின்றது. அறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒருவர் பயிருக்கு உரம் இடும் முறை பற்றிப் பேச ஆரம்பித்தார். பதினாறு பேரும் அரை மணி நேரம் அந்த உரத்தைக் கேட்டோம், பெரியப்பா! மடிப்பு அண்ணன் கடைசிவரை நம்பிக்கையைக் கைவிடவில்லை. "இருங்கடி, துப்பறியிறவர் மாறுவேஷத்துல வந்து பேசுறார். இப்பப் பாரு, உர மூட்டைக்குள்ள கத்தி இருக்கும்." மூட்டைக்குள் உரம்தான் இருந்தது. அந்த அரை மணியில் மூன்று தலையணை உறை கருகின.

நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. பதின்மூன்றாம் பகுதி அவர்களிடம் இல்லையாம். அந்தக் காலத்தில் ஒலிநாடாவுக்குப் பஞ்சம் என்பதால் அதன்மேல் ஓர் உயர் அதிகாரியின் பிரிவு உபசாரப் பேச்சைப் பதிவு செய்துவிட்டார்களாம். நேயர்கள் விரும்பினால் அதை ஒலிபரப்பத் தயாராம். நடித்தவர்களில் ஒருவரும் இப்போது இல்லையாம். எழுதியவரின் புனைபெயரைக் குறிப்பிட்டிருந்தார்கள். அதை வீட்டில் வாசித்துக் காட்டியதும் அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினார்.

"அது உங்க பெரியப்பாடி!"

ஞாயிற்றுக்கிழமை மறு ஒலிபரப்பில் ஒன்பதாம் பகுதியை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இருமல் வந்தது. அம்மா சந்தேகமே இல்லாமல் சொன்னார்: "இதுவும் அவர்தான். கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து பக்கத்து ரூம்ல நான் கேட்ட இருமல் எனக்குத் தெரியாதா? முடிவு வெளியே போயிடும்னு யாரையும் நம்ப மாட்டார். பேப்பரைக் கையிலயே வெச்சுக்கிட்டு மைக்குப் பக்கத்துல நின்னு நடிக்கிறவங்களுக்கு ஒவ்வொண்ணா நீட்டுவார்."

இதை வெகுளியாக இஸ்திரி அறையில் போய்ச் சொன்னது நான் செய்த தப்பு. "அப்ப கொலைகாரன் உங்க பெரியப்பாதான்" என்று இரண்டு கட்சியும் அன்று ஒரு நாள் ஒற்றுமையாக இருந்தது.

அன்றைக்குத்தான் உங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். நினைவிருக்கிறதா?

"பெரியப்பா, கொன்னது யாரு?"

"யாரைம்மா?"

"பங்களா முதலாளியை."

"ஓ, அதுவா... அதை நேயர்களோட கற்பனைக்கு விட்டுடணும்மா. அதுதான் கலை."

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரலும் தெளிவாகக் கேட்டது: "மறந்துபோச்சுன்னு சொல்லிட்டு வாங்களேன். எதுக்கு நடுவுல கலையை இழுக்குறீங்க?"

உங்கள் கலையால் இங்கே என்ன ஆகியிருக்கிறது, தெரியுமா? ஒரு பெரிய போர்வையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு நுனி. இப்போது சைக்கிள் கட்சி பிடித்த போர்வையின் மறுமுனையை டாக்டர் கட்சி தொடுவதில்லை. கொலைகாரர் வீட்டுப் பெண் என்பதால் என் போர்வையை எந்தக் கட்சியும் தொடுவதில்லை. நான் ஒரு முனையை மேசைக்காலில் கட்டி மடித்துக்கொண்டிருக்கிறேன். போர்வை மலையாகக் குவிந்து, மருத்துவமனையிலிருந்து ஆள் விட்டு ஏசிவிட்டார்கள். நேற்று விசில் தன் விசிலை ஊதிவிட்டு அறிவித்தார்: "சனிக்கிழமைக்குள்ள யார் கொன்னதுன்னு பேசி முடிச்சிடுங்க. இல்லைன்னா பொட்டி என் ரூமுக்கு வந்துடும்." அவர் அறையில் மின்விசிறி ஏற்கெனவே இருக்கிறது. நாற்காலியும் இருக்கிறது. எங்களிடம் இருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதுவும் போனால் மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் வித்தியாசமே இல்லை.

ஆகவே, கடைசியாகக் கேட்கிறேன். டாக்டரோ, மைத்துனரோ, சைக்கிள்காரரோ, யாராவது ஒருவரை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மறந்திருந்தால் புதிதாக யோசியுங்கள். சலவைக்காரியை மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் பெயரை இந்த அறையில் சொல்லி நான் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

பெரியம்மாவுக்கு என் அன்பையும், நடுவில் பேசியதற்கு என் நன்றியையும் சொல்லுங்கள். அப்பா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். அம்மா சிரித்தார். இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள். உங்கள் ஆசியை எதிர்பார்க்கும், அதைவிட உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,

உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க ஒழியாமல் இந்தக் கடிதம் ஒரு வாரமாக என் பையிலேயே கிடந்துவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். உங்கள் முடிவு எங்களுக்கு வேண்டாம். சனிக்கிழமை உணவு இடைவேளையில் பதின்மூன்றாம் பகுதியை நாங்களே நடித்துவிட்டோம். துணி மூட்டையோடு வரும் சீட்டுகளின் பின்பக்கத்தில் நான்தான் எழுதினேன். இரண்டு கட்சிக்கும் பொதுவாக, டாக்டர் சொல்லிச் சைக்கிள்காரர் குத்தினார் என்று முடித்திருந்தேன். அதட்டிப் பேசிப் பழகியவர் என்பதால் விசில்தான் துப்பறிபவர். நீராவி அக்கா சலவைக்காரி. விசில் எழுந்து, "கொலையாளி உங்களில் ஒருவர்தான்! அவர்..." என்று நிறுத்தி, சீட்டைத் திருப்பினார். அதற்குள் அக்கா முன்னால் வந்து, "நான்தாங்கய்யா" என்றார். சீட்டில் அப்படி எதுவும் இல்லை. விசில் சீட்டை மறுபடி திருப்பிப் பார்த்தார். "எ... எதுக்கு?" என்றார். அது துப்பறிபவரின் குரலே இல்லை. "நிக்க வெச்சீங்கல்ல, நாள் முழுக்க. அதுக்கு" என்றார் அக்கா, அவரைப் பார்த்து. அப்புறம் எழுந்த கைதட்டல் துவைக்கும் பகுதிவரை கேட்டதாம். நாலு பேரில் காரணம் இருந்தது அவளுக்கு மட்டும்தான், பெரியப்பா. சட்டைச் சூட்டை வைத்து அவளை அவமானப்படுத்தாமல் நேராகக் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். இப்போது போர்வை ஒழுங்காக மடிகிறது, பெட்டியும் இருக்கிறது. ஆனால் கதைப்படி விசில் அவளைக் கைது செய்துவிட்டார். அன்றிலிருந்து அவரோடு யாரும் பேசுவதில்லை. நேற்று அவரே என் மேசைக்கு வந்து, "அவ இன்னும் உள்ளதான் இருக்காளாம்மா? ஒரு வக்கீல்கூடவா கிடைக்கல?" என்று கேட்டார். கைது செய்ய எங்களுக்குத் தெரிந்தது, நீதிமன்றத்தில் பேசத் தெரியவில்லை. நாடகத்தில் இத்தனை பேரை உள்ளே தள்ளிய உங்களுக்கு ஒருத்தியை வெளியே கொண்டுவரத் தெரியாதா? பதினான்காம் பகுதி வேண்டும். நல்ல வக்கீலாகப் போடுங்கள், அவளையும் வாய்விட்டுப் பேசவிடுங்கள். அவள் உள்ளே போய் இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. எப்போது அனுப்புகிறீர்கள்?