நுரைஞானியின் இரண்டு சொட்டு

ஊரே கையில் பாட்டிலோடு நின்றது. ஜாம் பாட்டில், ஷாம்பு பாட்டில், குழந்தையின் பால் பாட்டில்கூட. உள்ளே என்ன என்று கேட்காதீர்கள். காலையில் எழுந்ததும் நீங்களும் நானும் கழிப்பதுதான்.

மாடி அறையில் நுரைஞானி வீற்றிருந்தார். பாட்டிலைக் குலுக்குவார், நுரையைப் பார்ப்பார், நோயைச் சொல்வார். பிறகு இரண்டு சொட்டு மருந்து விடுவார். நுரை மாயம்! நுரை போனால் நோயும் போச்சாம். குணமானவர்கள் மாத்திரையை வீசிவிட்டுப் போக வாசலில் ஒரு தொட்டி வேறு. எவ்வளவு வசதி!

வரிசையில் ஒரு தையல்காரி. லூபஸ் நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புப் படை, அவளுடைய சிறுநீரகத்தையே தாக்கிக்கொண்டிருந்தது. "ரத்தத்துல சி-3, சி-4ங்கிற எதிர்ப்புப் பொருள் ரெண்டும் குறைஞ்சிருக்கு, நோய் அடங்கலன்னு அர்த்தம். சிறுநீர்ல புரதம் ஒழுகுது, அதான் நுரை. மாத்திரையை நிறுத்தினா சிறுநீரகம் போயிடும்" என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இருந்தும் புருஷன் அவளை இழுத்து வந்திருந்தான். சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவளுடைய அக்காவும் கூடவே வந்திருந்தாள்.

ஞானி குலுக்கினார். பொங்கியது. இரண்டு சொட்டு. அடங்கியது.

"படை சரண்டர்!" என்றார். கூட்டம் கைதட்டியது. புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாத்திரைப் பையோடு தொட்டியை நோக்கி நடந்தான்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் நில்லுங்க" என்ற அக்கா, இன்னொரு பாட்டிலை நீட்டினாள். "சாமி, இந்த ஆளால நடக்க முடியாது. பாட்டில மட்டும் கொண்டாந்தேன்."

குலுக்கினார். நுரை பீறிட்டு அவர் தாடியில் வழிந்தது.

"ஐயையோ! ரெண்டு சிறுநீரகமும் சல்லடை! வயிறு எப்படி?"

"ஒரே உறுமல் சாமி."

இரண்டு சொட்டு. "பூரண குணம்!"

"ரொம்ப சந்தோஷம். அது எங்க மூணாம் நம்பர் சலவை மிஷின். பாட்டில்ல இருக்கிறது சோப்புத் தண்ணி. நுரை ஜாஸ்தியானா நாங்களும் இப்படி நுரையடக்கி மருந்து ரெண்டு சொட்டு விடுவோம். நுரை அடங்கும், அழுக்கு போகாது."

அதோடு விடவில்லை. புரதம் பார்க்க மருத்துவர் கொடுத்திருந்த மஞ்சள் காகிதப் பட்டையைப் பையிலிருந்து எடுத்துத் தங்கையின் பாட்டிலில் முக்கினாள். நுரை இல்லாத அந்தச் சிறுநீரில் பட்டை பச்சையாக மாறியது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? புரதம் இன்னும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு."

"மிஷினுக்கும் ஆத்மா உண்டு!" என்று கத்திக்கொண்டே ஞானி பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார்.

"அப்போ அந்த மிஷினுக்குக் குணமாச்சா, இல்லையா?" என்று கவலையோடு கேட்டார் ஒரு பெரியவர்.

தையல்காரி, புருஷன் கையிலிருந்த பையைப் பிடுங்கி, அங்கேயே மாத்திரையை விழுங்கினாள். "பயத்துல புத்தி கெட்டுப்போச்சு" என்று அவன் தலைகுனிந்தான்.

பயப்படுங்கள் ஐயா, யார் வேண்டாம் என்றது? ஆனால் சலவை இயந்திரத்துக்கே சிறுநீரகம் வைத்தவரிடம் உங்கள் சிறுநீரகத்தை ஒப்படைக்குமுன், ஒரே ஒரு கேள்வியாவது கேளுங்கள்!