குப்பைமேட்டுப் பொடிக்கொசு

இனித் தன் வீட்டுக் குப்பைமேட்டில் மண்வெட்டி படவே கூடாது என்று அப்பாசாமி ஒரு வியாழக்கிழமை காலை முடிவு செய்தார். தனக்காக இல்லை, உலக நன்மைக்காக.

மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் இருந்த அந்த மேட்டுக்கு வயது இரண்டு. பலாச் சக்கை, சாணம், குச்சிக்கிழங்குத் தோல் எல்லாம் சேர்ந்து அவர் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. அதை அள்ளி மிளகுத் தோட்டத்தில் போடச் சொல்லி அவர் மனைவி பெருமாயி கேட்காத நாளில்லை. முதலில் அவருக்கு இடுப்புப் பிடிப்பு. அப்புறம் மழை. அப்புறம் வெயில். மழையும் வெயிலும் இல்லாத ஒரு வாரம் வந்தபோது அவருக்கு மனசு சரியில்லை.

காலேஜில் பூச்சி ஆராய்ச்சி செய்யும் சங்கீதா, மாசி மாதம் அந்த மேட்டுக்கு மேலேதான் ஒரு பொறியைத் தொங்கவிட்டிருந்தாள். வைகாசியில், அந்த வியாழக்கிழமை, சேதியோடு வந்துவிட்டாள். பொறியில் விழுந்த பொடிக்கொசு, இதுவரை உலகத்தில் யாருமே எழுதிவைக்காத புது இனமாம். எள்ளில் பாதிகூட இல்லை. றெக்கையில் மூன்று புள்ளி, மீசையில் குஞ்சம். பூதக்கண்ணாடியில் பார்த்த அப்பாசாமி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"இது நம்மூட்டுக் குப்பைலதான் இருக்குதுங்களா சாமி?"

"அப்படித்தான் நினைக்கிறேங்கண்ணா. பொறி அங்கதானே இருந்துச்சு."

"கேட்டியா புள்ள? உலகத்துலயே இங்க மட்டுந்தான். இனி இந்தக் குப்பைல கை வெச்சா பாவம்."

பெருமாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை. "செரிங்க" என்றாள்.

பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர் அந்தச் 'செரிங்க'வுக்குப் பயந்திருக்க வேண்டும். அவரோ வேறு நினைப்பில் இருந்தார்.

"இதுக்கு யாரு பேரைங்க சாமி வெப்பீங்க?"

"கண்டுபிடிக்க உதவினவங்க பேரை வைக்கிறதும் உண்டுங்கண்ணா."

அப்பாசாமியின் பெயர் எங்கேயும் முதலில் வந்ததில்லை. ரேஷன் கார்டில்கூடக் குடும்பத் தலைவர் பெருமாயிதான். ஒரு கொசுவாவது தன் பெயரைச் சுமக்கட்டுமே என்று அவருக்கு உண்மையாகவே ஏக்கமாக இருந்தது.

"ஆனா பறக்கிற கொசு மட்டுந்தான் கிடைச்சிருக்கு" என்றாள் சங்கீதா. "அதோட புழு எங்க வளருதுன்னு தெரியல. அதுவும் கிடைச்சா கட்டுரை முழுசாயிடும்."

முறம் நின்றது.

"அப்ப புழுவைப் புடிச்சுக் குடுக்கறவங்க பேரைத்தான வெக்கோணும் கண்ணு?" என்றாள் பெருமாயி.

"அதுதாங்க்கா நியாயம்."

"எங்கூட்டுக்காரரு பாத்துக்குவாரு. எப்படிப் பாக்கோணும்?"

"ஒவ்வொரு கூடையா அள்ளி, வெள்ளைத் தட்டுல பரப்பிப் பார்க்கணும்."

"பாத்ததைத் திரும்ப மேட்டுலயே கொட்டலாமா?"

"ஐயோ, கூடாதுங்க்கா. பார்த்ததும் பார்க்காததும் கலந்துடும்."

"ஏனுங்க, கலக்கப்படாதாமா. பாத்த கூடையைக் கொண்டுபோய் மிளகுத் தோட்டத்துல கொட்டிருங்க. ஒரு கொடிக்கு ஒரு கூடை. அப்பத்தான் தெளிவா இருக்கும்."

"ரொம்ப முறையா யோசிக்கிறீங்கக்கா" என்று சங்கீதா மனம்விட்டுப் பாராட்டினாள்.

மறுநாளே ஆராய்ச்சி ஆரம்பமானது. அப்பாசாமி அள்ளினார், பரப்பினார், கண்ணாடி வைத்துப் பார்த்தார், சும்மாடு கட்டிச் சுமந்து சரிவில் இறங்கினார். இடுப்புப் பிடிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பெயர் வரப்போகிற மனிதனுக்கு இடுப்பு ஒரு பொருட்டா? மண்புழு கிடைத்தது. வண்டுப் புழு கிடைத்தது. போன வருஷம் காணாமல் போன எவர்சில்வர் கரண்டி கிடைத்தது. கொசுவின் புழு மட்டும் கிடைக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்து அருணாசலம் வேலியோரம் நின்று பார்த்தார்.

"என்ன மாப்ள, ஒருவழியா குப்பை அடிக்கறயாட்ட இருக்குது?"

"குப்பையா? ஆராய்ச்சிங்க மாமா!"

"மெதுவாப் பேசு. எங்கூட்டுக்காரி காதுல உழுந்தா என்னையும் ஆராய்ச்சிக்கு அனுப்பிருவா."

இருபத்து மூன்றாம் நாள், குப்பைமேடு இருந்த இடத்தில் வழித்தெடுத்த தரை இருந்தது. அங்கே பெருமாயி அவரைக்காய் விதை ஊன்றினாள். அப்பாசாமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சங்கீதாவுக்குப் போன் போட்டார்.

"ஒரு புழுகூட இல்லீங்க சாமி. எம்பேரு அவ்வளவுதானுங்களா?"

"என்னங்கண்ணா இப்படிச் சொல்லிட்டீங்க? நீங்க செஞ்சது பெரிய உதவி. கட்டுரையில உங்க பேரு கட்டாயம் வரும்."

போதாதா? தேவனூர் நாட்டு மலை ஊர்களில் அப்பாசாமி சொல்லாத ஆளில்லை. டீக்கடையில் சொன்னார். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னார். காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்குப் போனவர், மிளகு வியாபாரியிடம் கொசுவின் மீசையைக் கையால் வரைந்து காட்டிவிட்டு வந்தார்.

மார்கழியில் சங்கீதா அச்சான கட்டுரையோடு வந்தாள். அப்பாசாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். அருணாசலத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கொசு பேரைச் சத்தமாப் படிங்க சாமி."

முன்பாதி யார் வாயிலும் நுழையாத பெயர். பின்பாதி எல்லோருக்கும் விளங்கியது. பெருமாயி.

"இவ பேரு எப்படிங்க?" அப்பாசாமி எழுந்தே நின்றுவிட்டார்.

"அக்காதானே புழுவைக் குடுத்தாங்க! மாட்டுத் தண்ணித்தொட்டிக்கு அடியில, பாசி மண்ணுல. நான் அடுத்த வாரம் வந்தப்பவே, ஒரு கொட்டாங்குச்சி நிறைய. நீங்க அப்ப கூடையோட தோட்டத்துல இருந்தீங்கண்ணா. காலேஜ்ல பாட்டில்ல வளர்த்துப் பார்த்தோம், அதே கொசுதான். அக்கா உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

அப்பாசாமி மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் தொட்டி கழுவறது நானுதானுங்க? கால்ல புடுங்கறது எங்கிருந்து கெளம்புதுன்னு தெரியாதா?"

"அப்பவே எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா ஆராய்ச்சி பாதியில நின்னிருக்குமில்லீங்க."

அருணாசலம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாசாமிக்குக் கடைசியாக ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது.

"எம்பேரும் வரும்னு சொன்னீங்களே சாமி?"

"வந்திருக்குங்கண்ணா!" சங்கீதா கடைசிப் பக்கத்தைப் புரட்டி, உற்சாகமாகத் தமிழில் சொன்னாள். "'குப்பைமேடு முழுவதையும் தனியாளாகச் சுமந்து அகற்றி, அதில் இந்தக் கொசு இல்லவே இல்லை என்று உறுதி செய்த திரு. அப்பாசாமிக்கு நன்றி.'"