தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்த எம்.எஸ்ஸி.

எனக்கு வேதியியலில் முதுகலைப் பட்டம் இருக்கிறது. சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் இதை நான் வெளியே சொல்வதில்லை. சொன்னால் யாராவது ஒருவர் எழுந்து போய் ஒரு மஞ்சள் துணியை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே ஆட்டுவார். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு, திருத்தணியில் வீட்டோடு இருந்த வருஷம் அது. (வீட்டோடு என்றால் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். காளான் வளர்த்தேன், சோப்பு காய்ச்சினேன், பதினோரு நாள் ஜெர்மன் படித்தேன்.) அந்த வருஷம்தான் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, முட்டியில் ஆபரேஷன் நடந்தது. ஆடிக் கிருத்திகைக்குத் தவறாமல் காவடி தூக்கிக்கொண்டு மலைப்படி ஏறுகிற மனுஷன், இப்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பயந்தார்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு, பயம்தான் போகல. இடுப்பளவு தண்ணியில தினம் நடக்கட்டும். இப்படியே உக்காந்திருந்தா அந்தக் கால் சரியா மடங்காமலே போயிடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்ட பாவா, அதாவது என் அக்கா புருஷன், சென்னையிலிருந்து ஒரு நீச்சல் குளத்தையே அனுப்பிவைத்தார். பள்ளம் தோண்ட வேண்டாம். இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டி, தார்ப்பாய் மாதிரி ஒரு நீல உறையைத் தொங்கவிட்டால் தரைக்கு மேலேயே நிற்கும். ஏறி இறங்க ஏணியும் உண்டு. எங்கள் வீட்டுப் பின்வாசலில் அதை நிறுத்தியபோது தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. நைனா மட்டும் அதைக் குளம் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. அவருக்கு அது தொட்டிதான்.

"தண்ணிய சுத்தமா வெச்சிக்கிறது உன் பொறுப்பு. நீதான கெமிஸ்ட்ரி" என்றார் பாவா போனில்.

நைனா இன்னும் தெளிவாகச் சொன்னார். "இதோ பாரு பாப்பா. நின்ன தண்ணில நான் எறங்கினதே கெடையாது. உனுக்கோசரம் ஒரு தபா எறங்கறேன். கண்ணு எரிஞ்சுது, ஒடம்பு அரிச்சுது, அன்னிக்கே இத்தச் சுருட்டி ஆட்டுக் கொட்டாய் மேல போட்டுடுவேன். அப்புறம் தண்ணி, நடைன்னு எவனும் என்கிட்ட பேசக் கூடாது."

ஆக, நைனாவின் கால் என் கையில். வாய்ப்பு ஒன்றே ஒன்று. நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

போனில் தேடிப் பார்த்த முதல் வீடியோ, குளோரின் மாத்திரையைத் தவிர வேறு கதியில்லை என்றது. இரண்டாவது வீடியோவில் குளோரின் போடுகிறவர்களைக் கைது செய்யச் சொல்லாததுதான் பாக்கி. மூன்றாவது, உப்பைக் கொட்டினால் போதும், ஒரு மெஷின் அந்த உப்பிலிருந்தே குளோரின் எடுத்துக்கொள்ளும் என்றது. (அப்படியானால் இது குளோரின் போட்ட கணக்கா, போடாத கணக்கா? முதுகலைப் பட்டத்தை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.) அப்புறம் செம்பு, ஓசோன், புற ஊதா விளக்கு. இதையெல்லாம் விற்கிறவருக்கே போன் போட்டேன்.

"உப்பு மெஷின் சூப்பர் மேடம்."

"இரும்புக் குழாய் துருப்பிடிக்காதா?"

"பிடிக்கும் மேடம்."

"அப்போ?"

"ஓசோன் போட்டுடுங்க."

"ஓசோன் மட்டும் போதுமா?"

"அது எப்படி மேடம் போதும்? கூட கொஞ்சம் குளோரின் போடணும்."

ஆர்.கே.பேட்டை பஸ், பள்ளிப்பட்டு பஸ், பொதட்டூர்பேட்டை பஸ் என்று எதில் ஏறினாலும் அது என்னைத் திரும்பவும் திருத்தணி பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. தெருக் குடிநீர்த் தொட்டிக்கு மருந்து போடுகிற அண்ணனைப் பிடித்தேன்.

"ரெண்டு கை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கலக்கி உடுமா."

"எத்தனை கிராம்ணா?"

"ரெண்டு கைமா."

"யார் கை?"

அவர் தன் கையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "என் கைதான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா, செம்புக் குடத்தை உள்ளே போட்டு வைத்தால் போதும் என்றாள். உப்பு என்றதும் நைனா, "உப்புத் தண்ணில நடக்கறதுன்னா நான் மெட்ராஸுக்கு பஸ் ஏறமாட்டனா?" என்று கேட்டார். ஏழாம் நாள், நோட்டில் நாற்பது பக்கம் நிரம்பிய பிறகு, முதல் வீடியோ சொன்ன குளோரின் மாத்திரையையே வாங்கினேன்.

மாத்திரையோடு வந்த தாளில் ஒரு நிபந்தனை இருந்தது. முதலில் தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் சரிசெய்துகொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் குளோரின். சோதித்துப் பார்க்க இரண்டு குட்டிக் குழாய்கள், இரண்டு சொட்டு மருந்து. ஒன்று குளோரினைக் காட்டும், இன்னொன்று காரத்தைக் காட்டும். காரம் பார்க்கிற குழாயில் நான் குளோரின் பார்க்கிற மருந்தை விட்டேன். (ஆங், நானேதான். எம்.எஸ்ஸி.) தண்ணீரில் குளோரினே இல்லாததால் நிறம் எதுவும் வரவில்லை. நிறம் வெளுத்திருந்தால் சலவை சோடா சேர்க்கவும் என்றிருந்தது. சேர்த்தேன். நிறம் வரவில்லை. இன்னும் சேர்த்தேன். கடைக்காரர், "இம்மாம் சோடாவா? இன்னாமா, கல்யாண மண்டபத்துத் துணியெல்லாம் நீதான் தோய்க்கிறியா?" என்று கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் போர்த் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்த சப்பைத் தண்ணீர். சோடா விழ விழ அது வெளுத்துக்கொண்டே வந்தது.

"இன்னாமா, தொட்டில மோர் கரைச்சிகினு கீறியா?" என்றார் நைனா.

"அழுக்கெல்லாம் வெளிய வந்துகினு இருக்கு நைனா. நாளைக்கு குளோரின் போட்டா கண்ணாடியா ஆயிடும்."

நாளைக்கு என்பது ஆடிக் கிருத்திகை. பள்ளிப்பட்டிலிருந்து அத்தையும் மாமாவும் பிள்ளைகள், மருமகள்களோடு ஆறு பேராக வந்து இறங்கினார்கள். நைனாவின் காவடியை அந்த வருஷம் மாமா தூக்குவதாக ஏற்பாடு. விடிந்ததும் மஞ்சள் கரைத்து வேட்டி, சேலை, துண்டு எல்லாவற்றையும் நனைத்துக் காயப்போட்டார்கள். பிறகு அந்த மஞ்சள் துணியோடு தலை முழுகிவிட்டு மலையேற வேண்டும். எங்கள் வீட்டில் குளியலறை ஒன்று. வரிசை சமையலறை வரைக்கும் நின்றது.

நான் உள்ளே மாத்திரை டப்பாவைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தேன். பின்வாசலில் மாமாவின் குரல் கேட்டது. "இன்னா மச்சான், எம்மாம் பெரிய தொட்டிய வெச்சிகினு எங்கள கியூவுல நிக்க உட்டுட்ட?" அடுத்து தொபீரென்று ஒரு சத்தம்.

அதற்கடுத்து ஓர் அலறல். "ஐயோ, ரத்தம்! மச்சான், ரத்தம்!"

ஓடினேன். மாமா இடுப்பளவு வெள்ளைத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மஞ்சள் வேட்டி குங்குமச் சிவப்பாகியிருந்தது. அவரைச் சுற்றிலும் தண்ணீரில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. காப்பாற்றுவதற்காக இரண்டு பிள்ளைகளும் குதித்தார்கள். அவர்களும் சிவந்தார்கள். ஒரு மருமகள் சேலைத் தலைப்பை வீசி, "புடிச்சிக்கோங்க மாமா!" என்றாள். தலைப்பும் சிவந்தது. குழாய் உடைந்து குத்திவிட்டதா, மாமாவை ஏதாவது கடித்துவிட்டதா, நான் போட்டது சோடாதானா என்று தலைக்குள் ஏழெட்டுக் கேள்வி. கையிலிருந்த தாளில் 'ரத்தம்' என்ற தலைப்பைத் தேடினேன் என்று அம்மா இன்றும் சத்தியம் செய்வாள்.

அப்போதுதான் என்னைத் தள்ளிக்கொண்டு யாரோ ஏணியில் ஏறினார்கள். நைனா! அவர் ஊன்றி நடக்கிற தடி நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தது. அவர் மேல்படியில் காலைத் தூக்கிப் போட்டு, உள்ளே இறங்கி, "எங்க மாப்ள அடி? எங்க அடி?" என்று மாமாவைச் சுற்றிச் சுற்றி நடந்து காயம் தேடினார். இரண்டு சுற்று. பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று.

அத்தை நிதானமாக வந்தாள். தண்ணீரில் விரலை நனைத்துப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. "இன்னாடி போட்ட இதுல?"

"சலவை சோடா, அத்தை."

"எத்தினி?"

சொன்னேன்.

"மஞ்சத் துணில சோப்பு பட்டாலே செவக்கும். ஆரத்திக்கு மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டா செவக்கும். கொழந்தைங்க கூட சொல்லுமேடி! உங்க காலேஜுல இன்னாதான் சொல்லிக் குடுத்தாங்க?"

மாமா அலறுவதை நிறுத்திவிட்டு வேட்டியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். கால் இரண்டும் பத்திரமாக இருந்தன. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது போல.

ஆனால் நான் நைனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் தேய்த்தார். "கண்ணு எரியுது" என்றார். கையைச் சொறிந்தார். "அரிக்குது."

போச்சு. ஆட்டுக் கொட்டாய்தான்.

அவர் ஏணியைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் நாற்காலியில் சாய்ந்திருந்த தடியைப் பார்த்தார். குனிந்து, தண்ணீருக்குள் முட்டியை ஒருமுறை மடக்கி நீட்டினார். மறுபடியும் மடக்கினார்.

"முட்டி வலிக்கல" என்றார், யாரோ அவரை ஏமாற்றிவிட்டது போன்ற குரலில். என் பக்கம் திரும்பினார். "தண்ணிய மாத்து பாப்பா. நாளிக்கு மறுபடி எறங்கறேன்."

எல்லோர் மீதும் நல்ல தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினோம். அம்மா எலுமிச்சம்பழம் அறுத்து வந்து துணிகளில் பிழிந்தாள். பிழிந்த இடம் மட்டும் மஞ்சளானது. பாதி மஞ்சளும் பாதி சிவப்புமாகத்தான் மலையேறினார்கள். வழியில் யாரோ இது என்ன வேண்டுதல் என்று கேட்டார்களாம். "பள்ளிப்பட்டு பக்கம் இப்பிடித்தாங்க" என்று சொல்லிவிட்டு மாமா காவடியை ஆட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

அடுத்த ஆடிக்கு நைனாவே காவடி தூக்கினார். அத்தை இன்றைக்கும் கிருத்திகைக்கு முதல் நாள் எனக்கு போன் போட்டு, "நாங்க மஞ்சள்ள வரட்டுமா, இல்ல நீ சாயம் போட்டுக் குடுக்கிறியா?" என்று கேட்கிறாள். தொட்டி பின்வாசலிலேயே இருக்கிறது. இப்போது எந்தச் சொட்டு எந்தக் குழாய்க்கு என்பது எனக்கு மனப்பாடம். தினமும் சோதித்து, அளந்துதான் குளோரின் போடுகிறேன்.

நைனா என் சோதனை முடியும்வரை பொறுமையாக நிற்பார். முடிந்ததும் ஏணியில் தொங்குகிற மஞ்சள் துணியை எடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் முக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மஞ்சளாகவே இருந்தால்தான் இறங்குவார். அது எதற்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், பெருமையாகவே பதில் சொல்வார்:

"எம் பொண்ணு எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிங்க. அதான்."